மூன்றாவது நிமிடத்தில் மூடிய குழாய்

கண் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் கேட்கிறார்கள், பால் வாங்கப் போன இடத்தில் கேட்கிறார்கள், துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் கூடக் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் நின்று முழுக்கக் கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை. பாதியிலேயே, "கம்பெனிக்காரன் பாத்துக்கிடுவானா?" என்று தாவிவிடுகிறார்கள். அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். உட்கார்வது எனக்கு ஆகாத காரியம். எழுந்து எழுந்து போய்த்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையை முதலில் சொல்ல வேண்டும். கப்பலில் அரிசியும் துணியும் மட்டும் போவதில்லை. சோப்புக்கு, சாயத்துக்கு, மருந்துக்கு, உரத்துக்கு வேண்டிய திரவங்கள் டிரம் டிரம்மாகப் போகின்றன. கடல் கொந்தளித்தால், கட்டிய கட்டு அவிழ்ந்தால் அவை தண்ணீரில் விழும். சில மூழ்கும். சில மிதந்துகொண்டே வந்து யாரோ வலை காயப்போடுகிற இடத்தில் ஒதுங்கும். அப்படி ஒதுங்கியதை இன்னதென்று கண்டுபிடித்து, யாருக்கும் கெடுதல் வராமல் அள்ளிக்கொண்டு போகிற ஒரு தனியார் கம்பெனியில் நான் குழுத் தலைவன். சொந்த ஊர் இடைசெவல் பக்கம், வீடு கோவில்பட்டியில். கரிசல்காட்டுக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டால், வேதியியல் படித்தவனுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கும் வேலைதான் கிடைத்தது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் நான்தான். அந்த வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்துவது ஒரே ஒரு விஷயத்துக்கு.

"மேல பட்டுட்டுன்னா பதினஞ்சு நிமிசம் தண்ணிக்குக் கீழ நிக்கணும். வலி நின்னுட்டுன்னு வெளிய வரக்கூடாது. கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் வரக்கூடாது. வாட்ச் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது. வெளங்குதா?"

எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவனைக் குழாயடியில் நிறுத்திப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டும் காட்டுவேன். அப்போதெல்லாம் கீழே ஒரு பெரிய தொட்டியை வைத்து அந்தத் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றச் சொல்லுவேன். கூட வேலை பார்க்கும் ஜெபராஜ் தூத்துக்குடிக்காரன், என்னைவிட இளையவன். "அண்ணாச்சி, உங்கள உதறுனா ஒரு சொட்டுத் தண்ணி கூட கீழ விழாது" என்று கேலி செய்வான். எங்கள் வீட்டில் குடிதண்ணீர் மிஷின் கழிக்கிற தண்ணீரையும் வாளியில் பிடித்துத்தான் பாத்திரம் கழுவுகிறோம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில் வேறு எப்படி இருப்பது?

அன்று குளத்தூருக்குக் கிழக்கே, உப்பளங்களைத் தாண்டிய கரையில், நீல டிரம்கள் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் பக்கத்தில் நீல டிரம் என்றால் அது தண்ணீர் டிரம்தான், வீட்டு வாசலுக்கு ஒன்று நிற்கும். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு யாராவது உருட்டிப் போவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று விரட்டிக்கொண்டு போனோம். நல்ல வேளை, ஒன்றும் காணாமல் போகவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, கயிறு கட்டினோம். கயிற்றைத் தாண்டி யாரும் வரக்கூடாது என்று ஜெபராஜ் மைக்கில் சொன்னான்.

எங்கள் வேலையில் டிரம்மைத் தொடும் முன்பு கழுவுமிடம் தயாராக இருக்க வேண்டும். நாலு கம்பி நட்டு, மேலே ஒரு ஷவர். அந்தக் கரையில் நல்ல தண்ணீர் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு டேங்கர் லாரியை அனுப்பிவைத்தார்.

"இன்னைக்கி லாரித்தண்ணி இந்தா இருக்க குடியிருப்புக்கு முறை. அவிய ஒரு நாளு பாத்துக்கிடுவாவ, நீங்க வச்சுக்கிடுங்க" என்று டிரைவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

வெயில் ஏற ஏற முகமூடிக் கண்ணாடியில் வேர்வை ஆவி படிந்துவிட்டது. ஒரு டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டை உப்புத் தண்ணீர் அரித்திருந்தது. அதில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படித்துவிட்டால் உள்ளே என்ன சரக்கு என்று புத்தகத்தில் பார்த்துவிடலாம். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கிக் குனிந்தேன். வகுப்பில் ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வெயிலில் உப்பியிருந்த டிரம்மின் மூடி ஓரத்திலிருந்து புஸ்ஸென்று கொஞ்சம் பீய்ச்சியது. ஒரு கை அளவுகூட இருக்காது. வலது கண்ணில் நேராக அடித்தது.

ஜெபராஜ் என்னை இழுத்துக்கொண்டு போய் ஷவருக்குக் கீழே நிறுத்தினான். இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தலையில், கண்ணில், மாரில் கொட்டியது. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். பிறகு கொஞ்சம் மட்டுப்பட்டது. அப்போதுதான் இடது கண்ணைத் திறந்து பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நின்றிருந்தார்கள். கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் இடுப்பில் குடம் இருந்தது தெரிந்தது. பச்சைக் குடம், சிவப்புக் குடம். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் காலடியில் அவர்கள் முறைத் தண்ணீர் ஓடி உப்பு மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கையை நீட்டிக் குழாயை மூடினேன்.

"அண்ணாச்சி! மூணு நிமிசம்தான் ஆயிருக்கு!" என்று ஜெபராஜ் வாட்சைக் காட்டிக் கத்தினான்.

"போதும்லே. எரிச்சல் நின்னுட்டு. அந்தா பாரு, தண்ணிக்கு நிக்காவ."

அவன் மறுபடி குழாயைத் திறக்க வந்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியவன் நான், அவன் என்ன செய்வான்?

மிச்ச டிரம்களை அப்புறப்படுத்தும் வரை அங்கேயே நின்றேன். ஜெபராஜ் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நாலு தடவை கேட்டான், நாலு தடவையும் திட்டினேன். சாயங்காலம் கம்பெனி ஜீப்பில் வீட்டுக்குக் கிளம்பினேன். எட்டயபுரம் தாண்டும்போது, எதிரே வந்த பஸ்ஸைச் சுற்றிப் புகை மூட்டமாகத் தெரிந்தது. யாரோ காட்டில் காய்ந்த பருத்திமாரை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன், எல்லாமே புகையாக இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், புகையே இல்லை. டிரைவரிடம் வீட்டுக்கு வேண்டாம், கண் ஆஸ்பத்திரிக்கு விடு என்றேன்.

கோவில்பட்டியில் அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் முந்திக்கொண்டு போகப் பார்த்தேன், டோக்கன் பெண் உட்காரச் சொன்னாள். "கெமிக்கல் பட்டுட்டும்மா" என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். பேர் ஊர் கேட்கும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தை என் கீழிமைக்குள் தொட்டு எடுத்தார். அந்தக் காகிதத்தை எனக்குத் தெரியும். தண்ணீரில் அமிலம் இருக்கிறதா காரம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பையிலேயே வைத்திருப்போம். மஞ்சளாக இருந்தது நீலமாகிவிட்டது.

"காரம். இன்னும் உள்ள இருக்கு" என்றார். "எவ்வளவு நேரம் கழுவுனீங்க?"

"கழுவுனேன் டாக்டர்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிசம்."

"உங்க வேலை என்ன?"

சொன்னேன். அவர் சிஸ்டரைக் கூப்பிட்டு உப்புநீர் பாட்டில்களை எடுத்துவரச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அமிலம் பட்டால் மேல்தோலைச் சுட்டுவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். காரம் நிற்காது. கண்ணில் இருக்கும் கொழுப்பை சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். எரிச்சல் குறைவது குணமாகும் அடையாளம் இல்லை, வலியைச் சொல்கிற நரம்பு வெந்துபோன அடையாளமாகவும் இருக்கலாம். இதையெல்லாம் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். மல்லாந்து படுத்துக்கொண்டு அதை இன்னொருத்தர் வாயால் கேட்டேன்.

கண்ணுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியை வைத்து, அதில் குழாயை மாட்டி, தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலிலிருந்து உப்புநீரை விட்டார்கள். அது கன்னத்தில் வழிந்து கீழே தட்டில் சேர்ந்தது. ஒரு பாட்டில் முடிந்தது. இரண்டு முடிந்தது.

"போதுமா சிஸ்டர்?" என்றேன்.

"அசையாதீங்க."

மூன்றாவது பாட்டிலில், "போதும் சிஸ்டர், சுத்தமாயிட்டு" என்றேன். அந்தக் காகிதத்தை மறுபடி தொட்டுக் காட்டினாள், இன்னும் நீலம் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊற்றினார்கள். எத்தனை பாட்டில் என்று ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். என் மனைவி ஜெயா வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது போலிருக்கிறது, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் கண்ணாடியில் பார்த்தேன். கண் சிவக்கவேயில்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா டாக்டர், செவப்பே இல்ல."

"செவப்பா இருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றார் டாக்டர். கருவிழி வெள்ளைவிழியைத் தொடுகிற ஓரத்தில்தான், கருவிழியைப் பளிங்காக வைத்திருக்கும் புதுச் செல்கள் முளைக்கிற இடம் இருக்கிறதாம். அந்த ஓரத்துக்கு ரத்தம் போகும் மெல்லிய குழாய்கள் வெந்து அடைத்துவிட்டதால்தான் வெளுத்திருக்கிறது. அந்த இடம் பிழைத்தால் பார்வை திரும்பும். பிழைக்காவிட்டால் கருவிழியில் வெள்ளை படிந்து மூடிவிடும். "ரெண்டு வாரம் போகணும். அப்பத்தான் சொல்ல முடியும்" என்றார்.

இரண்டு வாரமா! எனக்கு இரண்டு நிமிடமே பெரிது. மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். ஜெயா செல்போனில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு மணியோசை வைத்தாள். வைட்டமின் சி மாத்திரை கொடுத்தார்கள், புண் ஆற அது நல்லதாம். அதைக் கேள்விப்பட்ட என் தங்கச்சி ஒரு பை நிறைய நெல்லிக்காயோடு வந்துவிட்டாள். பல் கூசக் கூசத் தின்றேன்.

வார்டில் என்னால் படுத்திருக்க முடியவில்லை. கதவிலிருந்து ஜன்னல் வரை பதினொரு எட்டு. நடப்பேன், திரும்புவேன். வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்ப்பேன். நேற்றைவிட இன்று தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கும், அடுத்த நிமிடம் இல்லை என்று இருக்கும். போதாக்குறைக்குக் கழிப்பறையில் ஒரு குழாய் ஒழுகியது. அந்தச் சொட்டுச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குத் தாங்காது. எழுந்து போய் இறுக்கிவிட்டு வருவேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒழுகும், மறுபடி போவேன்.

"ஒரு எடத்துல இரிங்களேன்" என்றாள் ஜெயா. "கண்ணே போகப்போகுதாம், இவிய பைப்ப அடைக்கப் போறாவ. அன்னைக்கி அடைச்சது பத்தாதா?"

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"நீயா இருந்தா என்னட்டி செஞ்சிருப்ப? பொம்பளைய இடுப்புல குடத்தோட வரிசையா நிக்காவ. அவிய தண்ணிய நான் தலையில ஊத்திக்கிட்டு நிக்கவா?"

"அவியளுக்கும் அறிவு வேண்டாமா? ஒரு மனுசன் கண்ணு வெந்து நிக்கான். ஒரு நாளு தண்ணி இல்லன்னா செத்தா போயிருவாவ? குடத்தத் தூக்கிட்டு வந்துட்டாளுவ, பாவியளுவ."

அன்றிலிருந்து பார்க்க வந்த ஒவ்வொருத்தரிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதை மறைப்பானேன். முட்டாள்தனமாகக் கண்ணாடியைத் தூக்கினேன் என்ற பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவேன். குழாயை மூடிய இடத்தில் நிதானித்துச் சொல்லுவேன். கேட்டவர்கள் "ச்சே, உங்க மனசுக்கு இப்பிடியா" என்பார்கள். ஜெயா மட்டும் அந்த இடம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் கண்மேல் ஒரு சவ்வு வைத்துத் தைத்தார்கள். அது பனிக்குடச் சவ்வு. பிரசவம் ஆன பெண்கள் கொடுப்பதைச் சுத்தம் செய்து வைத்திருப்பார்களாம், வெந்த கண்ணுக்கு அதை மருந்துக்கட்டு மாதிரிப் போர்த்துவார்கள், தானே கரைந்துவிடும். எந்தப் பெண்ணோ, எந்தப் பிள்ளையோ. ஜெயா அந்தப் பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டாள். அந்தச் சவ்வு வழியாக எனக்குப் பால்நிறத்தில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நம்பிக்கையோடு இருந்தேன். சவ்வு கரைந்த பிறகும் அதே பால்நிறம்தான் இருந்தது.

ஜெபராஜ் ஒரு நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உங்க கைய ஒடிச்சாவது அந்தக் குழாயத் தெறந்திருக்கணும் அண்ணாச்சி" என்றான். "பயந்துட்டேன், திட்டுவியன்னு."

நெல்லிக்காய் தின்னு என்று கொடுத்தேன்.

இரண்டு வாரம் முடிந்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என்னை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைக்கவில்லை. கையை ஆட்டி, "ஆடுதா?" என்றார். ஆடுவது தெரிந்தது. எத்தனை விரல் என்று தெரியவில்லை. அந்த ஓரம் பிழைக்கவில்லை என்று சொன்னார். இனி வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும்தான். புண் முழுக்க ஆறிய பிறகு, இடது கண்ணின் ஓரத்திலிருந்து துளித் துண்டு எடுத்து வலதில் நட்டுப் பார்க்கலாம், பார்வை கிடைத்தால் கிடைக்கலாம் என்றார். "பதினஞ்சு நிமிஷம் ஊத்தியிருந்தா?" என்று நானே கேட்டேன். "அரை மணி ஊத்தியிருந்தா, இங்க வந்து ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிருப்பீங்க" என்றார்.

கடைசியாக ஒரு சொட்டு மருந்து விட்டு, கூடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். நான் வழக்கம்போல உட்காராமல் நடந்துகொண்டிருந்தேன். எதிர் வரிசையில் மாமனாரின் கண்புரைக்காக வந்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், உப்பளத்து வேலைக்காரி என்று பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அத்தனை வெடிப்பு. எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க டிரம்மு எடுக்க வந்தவிய தானே? எங்க கரைக்கு?"

"ஆமாம்மா. நீ அந்தக் குடியிருப்பா?"

"ஆமா. எம்பேரு செல்லக்கனி. கண்ணு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"போயிட்டும்மா" என்றேன். முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன். பிறகு, நல்ல மனுஷன் மாதிரி பேசுகிற பழக்கம் எங்கே விடும், "அன்னைக்கி உங்க தண்ணிய நான் பாழாக்கிட்டேன். நீங்கள்லாம் குடத்தோட நின்னிய, பாத்ததும் எனக்குப் பொறுக்கல. அதான் சீக்கிரமா மூடிட்டேன். அப்புறமாவது தண்ணி கெடச்சுதா?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள்.

"எங்களுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி தண்ணி?"

"குடத்தோட நின்னியளே."

"அது நெறகுடம்லா" என்றாள். "கண்ணுல மருந்து அடிச்சுட்டுன்னு சத்தம் கேட்டுச்சு. எங்களுக்கு உப்புப் பாத்தியில வேலை பாக்கும்போது உப்புத்தண்ணி கண்ணுல தெறிச்சா, ஆளப் படுக்கவச்சு ஒரு குடம் முழுக்க ஊத்துவோம், கொஞ்சமா ஊத்துனா கேக்காது. லாரித் தண்ணி பத்துமோ பத்தாதோன்னு, வீட்டுல இருந்தத ஆளுக்கொரு குடம் எடுத்துட்டு ஓடியாந்தோம். கயிறத் தாண்டக் கூடாதுன்னு மைக்குல சொன்னாவ. அதான் கூப்பிடுவியன்னு பாத்துக்கிட்டே நின்னோம்."

நான் நடப்பதை நிறுத்தியிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அவர்களை நாள் தவறாமல் ஏசியவள் அவள். எழுந்து வந்து செல்லக்கனியின் கையைப் பிடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எத்தன பேரும்மா வந்திய?"

"ஏழு பேருக்கா."

"அம்புட்டுத் தண்ணியையும் பெறகு என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய?" என்றாள் செல்லக்கனி. "அண்ணாச்சி போதும்னு குழாய மூடிட்டாவ. நாங்க திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம்."